பேசோர் ஆற்றங்கரையில் இருநூறு பேர்

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழ்ச் சபையில் (தமிழ்நாட்டை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும், "எங்கள் ஊர்" என்று இந்த வடக்கத்தி நகரத்தைச் சொல்லும்போது நாக்கு ஒரு நொடி தயங்கத்தான் செய்கிறது) வாலிபர் கூடுகைக்கு இருபது நிமிஷம் பேசச் சொன்னார்கள். தலைப்பு "சேர்ந்து உழைத்தல்". வந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஐடி கம்பெனிக்காரர்கள், மீதிப் பேர் அங்கே போகக் காத்திருப்பவர்கள். அலுவலகத்தில் வாராவாரம் கேட்டுச் சலித்த விஷயத்தையே நானும் போய்ச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள் என்று தெரியும்.

வேதாகமத்தில் போர்க்களக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. சேர்ந்து உழைப்பதற்கு வழக்கமாக இரண்டைச் சொல்வார்கள். ஒன்று, கிதியோனின் முந்நூறு பேர். இன்னொன்று, ரெவிதீமில் அமலேக்கியரோடு நடந்த யுத்தம். மோசே கையைத் தூக்கி நிற்க, கை தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, கீழே யோசுவா ஜெயித்த கதை. இரண்டுமே நல்ல கதைகள்தான். ஆனால் இரண்டிலும் வெற்றியோடு கதை முடிந்துவிடுகிறது. இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு குழு உடைவது தோல்வியில் இல்லை. ஜெயித்த பிறகு, பங்கு பிரிக்கும்போதுதான். அந்தக் கட்டத்தைச் சொல்கிற கதை 1 சாமுவேல் 30ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை.

காலம் ஏறக்குறைய கி.மு. 11ஆம் நூற்றாண்டின் கடைசி. தாவீது அப்போது ராஜா இல்லை. சவுலுக்குப் பயந்து ஓடி, எதிரிகளான பெலிஸ்தரிடமே அடைக்கலம் புகுந்திருந்த ஆள். காத் நகரத்து ராஜா ஆகீஸ், சிக்லாகு என்ற ஊரை அவனுக்குக் கொடுத்திருந்தான். பெலிஸ்தர் நாட்டில் அவன் இருந்த காலம் ஒரு வருஷம் நாலு மாதம். கூட இருந்தவர்கள் 600 பேர். இந்த 600 பேரும் யார் என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். ஆரம்பத்தில் அதுல்லாம் குகையில் சேர்ந்தவர்கள் சுமார் 400 பேர். ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், மனக்கசப்பு கொண்டவர்கள் என்று அந்தக் கூட்டத்தை 22ஆம் அதிகாரம் விவரிக்கிறது. அதாவது எங்கள் பாஷையில் வாராக்கடன் பட்டியல் :-) அப்படிப்பட்ட கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவன் குடித்தனம் நடத்தினான் என்பதே பெரிய விஷயம்.

தாவீதை நல்லவனாக மட்டும் காட்டிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. சிக்லாகில் இருந்த காலத்தில் அவன் செய்த தொழில் கொள்ளை. கெசூரியர், அமலேக்கியர் என்று தெற்கே இருந்தவர்கள்மேல் படையெடுத்து, விஷயம் வெளியே போகாமலிருக்க ஆண் பெண் ஒருவரையும் உயிரோடு விடாமல், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். ஆகீஸிடம் வேறு ஊர்ப் பெயரைச் சொல்லி ஏமாற்றுவான். 27ஆம் அதிகாரம் இதை மறைக்காமல் சொல்கிறது. ஆகவே அமலேக்கியர் பின்னால் சிக்லாகுக்கு வந்தது திடீரென்று வானத்திலிருந்து குதித்த ஆபத்து அல்ல.

பெலிஸ்தர் எல்லாரும் சவுலோடு கடைசி யுத்தத்துக்காக ஆப்பெக்கில் கூடியபோது தாவீதும் தன் ஆட்களோடு போனான். மற்ற பெலிஸ்தத் தலைவர்களுக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. பாதியில் கட்சி மாறிவிடுவான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆப்பெக் இன்றைய டெல் அவீவுக்குக் கிழக்கே யார்கோன் ஆற்றின் ஊற்றுப் பக்கம். சிக்லாகு எங்கே என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தெல் செரா, தெல் ஹலீஃப் என்று பல மேடுகளைச் சொல்கிறார்கள். 2019இல் கிர்பெத் அல்-ராய் என்ற இடம்தான் சிக்லாகு என்று அகழாய்வாளர்கள் ஒரு குழுவாக அறிவித்தார்கள், மற்றவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் 50 கிலோமீட்டருக்கு மேல் நடை. மூன்றாம் நாள் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வந்து பார்த்தால் ஊர் இல்லை, சாம்பல்தான் இருந்தது. ஆண்கள் ஒருவரும் இல்லாத சமயம் பார்த்து அமலேக்கியர் வந்து எரித்துவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவரையும் கொல்லவில்லை. தாவீதின் இரண்டு மனைவிகள் அகினோவாளும் அபிகாயிலும் அதில் சேர்த்தி. அழுவதற்குப் பலன் இல்லாமல் போகும்வரை அறுநூறு பேரும் அழுதார்கள் என்கிறது கதை. அழுது முடித்ததும் அடுத்த வேலை என்ன? தலைவனைக் கல்லெறிந்து கொல்லலாமா என்று பேச்சு. நேற்றுவரை உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்தான். (டார்கெட் தவறிய மார்ச் 31ஆம் தேதி ராத்திரி எந்தக் கிளை மேலாளரைக் கேட்டாலும் இந்தக் காட்சி புரியும் என்பார்.) தாவீது அவர்களோடு வாதாடவில்லை. தன்னைக் கர்த்தருக்குள் திடப்படுத்திக்கொண்டு, ஆசாரியன் அபியத்தாரிடம் ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, துரத்தலாமா வேண்டாமா என்று தேவனிடம் கேட்டான். துரத்து என்று பதில் வந்தது. கிளம்பிவிட்டார்கள்.

பேசோர் ஆறு என்றதும் நம் தாமிரபரணியை நினைத்துக்கொள்ளக் கூடாது. காசாவுக்குத் தெற்கே போய் மத்தியதரைக் கடலில் கலக்கும் ஓடை அது. வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும், மாரிக்காலத்தில் திடீரென்று வெள்ளம் வரும் காட்டாறு. இரு பக்கமும் மண் அரித்த செங்குத்துக் கரை. மூன்று நாள் நடந்து, அழுது தீர்த்து, ஓய்வே இல்லாமல் மறுபடி ஓடிவந்த 600 பேரில் 200 பேருக்கு அந்தக் கரையில் கால் ஓய்ந்துவிட்டது. தாண்ட முடியவில்லை. 400 பேர் தாண்டிப் போனார்கள்.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 200 பேருக்கும் அக்கரையில்தான் மனைவி மக்கள். போகாமல் இருக்க வேறு எந்தக் காரணமும் இருக்க முடியாது. சோம்பேறிகள் என்றோ கோழைகள் என்றோ அவர்களைச் சொல்ல வழியே இல்லை. இருந்தும் நின்றுவிட்டார்கள் என்றால் உடம்பு அவ்வளவுதான் ஒத்துழைத்தது. தாவீது அவர்களைத் திட்டியதாகவோ, இழுத்துக்கொண்டு போனதாகவோ ஒரு வரியும் இல்லை. விட்டுவிட்டுப் போனான்.

ஆற்றைத் தாண்டியதும் வயல்வெளியில் ஒரு எகிப்தியன் கிடக்கிறான். மூன்று நாள் ராப்பகல் அன்னம் தண்ணீர் இல்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, அத்திப்பழ அடையில் ஒரு துண்டும், வற்றலான திராட்சைக் குலை இரண்டும் கொடுத்தார்கள். உயிர் வந்தது. யாரப்பா நீ என்று கேட்டால், ஒரு அமலேக்கியனின் அடிமை, சிக்லாகை எரித்த கூட்டத்தில் இருந்தவன். மூன்று நாளைக்கு முன் வியாதி வந்தது, எஜமான் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன்தான் வழிகாட்டி அமலேக்கியர் பாளயத்தில் கொண்டுபோய் விட்டான்.

எழுதினவர் வேண்டுமென்றே இரண்டையும் பக்கத்தில் வைத்தாரோ என்று எனக்குத் தோன்றும். ஓய்ந்துபோன ஆளை இந்தப் பக்கமும் விட்டுவிட்டுப் போகிறார்கள், அந்தப் பக்கமும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அமலேக்கியன் கணக்கில் வியாதிக்கார அடிமை என்பது தள்ளுபடி செய்துவிட்ட சொத்து. அந்தத் தள்ளுபடிதான் அவன் கூட்டத்தையே அழித்தது.

சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமலேக்கியர் தின்று குடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்திப் பொழுதில் தொடங்கி மறுநாள் சாயங்காலம்வரை அடி. ஒட்டகம் ஏறி ஓடிய 400 வாலிபர் மட்டும் தப்பினார்கள். மனைவி, மக்கள், பொருள், ஒன்றும் குறையாமல் எல்லாம் திரும்பி வந்தது. அதோடு அமலேக்கியர் வேறு இடங்களில் அடித்த கொள்ளையும் கையில் கிடைத்தது. இந்த உபரிதான் வம்பு.

திரும்பி வருகிறார்கள். கரையில் இருந்த 200 பேரும் எதிர்கொண்டு வருகிறார்கள். தாவீது செய்த முதல் காரியம், அவர்கள் கிட்டே போய் சுகம் விசாரித்தது. பங்குப் பேச்சு அதற்கு அப்புறம்தான். அதைத் தாவீது தொடங்கவும் இல்லை. போய் வந்த 400 பேரில் சிலர் தொடங்கினார்கள். அவர்களைத் துஷ்டர் என்றே வேதாகமம் சொல்கிறது. அவர்கள் வாதம் இதுதான்: எங்களோடு வராதவர்களுக்கு நாங்கள் மீட்ட பொருளில் ஒன்றும் கிடையாது, பெண்டாட்டி பிள்ளைகளை மட்டும் ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போகட்டும். வங்கிக்காரன் கண்ணால் பார்த்தால் இது அசலை மட்டும் கையில் கொடுத்துக் கணக்கை முடித்து அனுப்புவது. பங்கு இல்லை என்பதோடு நிற்கவில்லை, இனி நம் கூட்டத்தில் நீ இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது.

நேர்மையாகச் சொன்னால் அந்த வாதம் முட்டாள்தனமானது இல்லை. உயிரைப் பணயம் வைத்தவன் அதிகம் கேட்கிறான். நம்மில் யாரும் கேட்போம்.

தாவீதின் பதிலில் மூன்று விஷயம் இருக்கிறது. "என் சகோதரரே" என்று அந்தத் துஷ்டர்களையே அழைத்தான். நாங்கள் மீட்டது என்று அவர்கள் சொன்னதை, கர்த்தர் நமக்குத் தந்தது என்று மாற்றினான். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சண்டைக்குப் போனவனுக்கு எவ்வளவோ, ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் அவ்வளவே என்றான்.

இந்த "ரஸ்து" என்கிற வார்த்தையைப் பழைய தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரியும். படைக்கு வேண்டிய தானியம், தட்டுமுட்டு, மூட்டை முடிச்சு. பாரசீகத்திலிருந்து பட்டாள பாஷை வழியாகத் தமிழுக்கு வந்த சொல். இங்கே இந்திப் பத்திரிகையில் ராணுவச் செய்தி வந்தால் "ரசத்" என்று இன்றும் போடுகிறார்கள். மூலமான எபிரேயத்தில் இருப்பது "கேலீம்", அதாவது பாத்திரம் பண்டம், தளவாடம்.

ஆனால் கதையில் முன்னால் போய்ப் பாருங்கள். அந்த 200 பேரும் ரஸ்தைக் காவல் காக்க நிறுத்தப்பட்டதாக எங்கேயும் இல்லை. களைத்துப்போய் நின்றார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. 'களைத்து நின்றவர்கள்' என்பதை 'காவல் இருந்தவர்கள்' என்று தாவீதின் வாய்தான் மாற்றுகிறது. பொய்யும் இல்லை. 400 பேர் வேகமாக ஓடியிருக்க வேண்டுமானால் சுமையை எங்காவது இறக்கி வைத்திருப்பார்கள், அதற்குப் பக்கத்தில் யாராவது இருந்துதான் ஆகவேண்டும். அதுமட்டுமில்லை, 25ஆம் அதிகாரத்தில் நாபால்மேல் கோபித்துக்கொண்டு தாவீது கிளம்பியபோதும் இதே கணக்கு: 400 பேர் கூடப் போனார்கள், 200 பேர் ரஸ்துக்களண்டையில் இருந்தார்கள். ஆக, அந்தக் கூட்டத்துக்கு அது பழகின ஏற்பாடு. அன்று முறைப்படி காவலாக நின்றதும் முடியாமல் நின்றதும் பங்குச் சீட்டில் ஒன்றுதான் என்று தாவீது எழுதிவிட்டான். அன்றுமுதல் அது இஸ்ரவேலில் சட்டமாகவே ஆனது என்று அதிகாரம் சொல்கிறது.

சட்டம் அன்றுதான் பிறந்ததா? இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் கேட்பதுண்டு. எண்ணாகமம் 31இல் மீதியானியர் யுத்தத்துக்குப் பிறகு கொள்ளையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறது. போருக்குப் போனவர்களுக்குப் பாதி, சபையார் எல்லாருக்கும் பாதி. கணக்குப் பிரியர்களுக்கு அந்த அதிகாரம் விருந்து. ஆடு மட்டும் 6,75,000. பாதி 3,37,500. போர்வீரர் பங்கில் ஐந்நூற்றுக்கு ஒன்று வீதம் கர்த்தருக்கு 675. சபையார் பங்கில் ஐம்பதுக்கு ஒன்று. (அதே பட்டியலில் ஆடுமாடுகளோடு பெண்களையும் எண்ணியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது என் பேனா நின்றுவிட்டது. அந்தக் கால யுத்தம் என்றால் என்ன என்பதை மறந்துவிட்டு அதன் பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.)

பாதிக்குப் பாதி என்றதும் சமம் போலத் தோன்றும். தலைக்கு வகுத்துப் பாருங்கள். போருக்குப் போனவர்கள் 12,000 பேர். வரி கழிக்காமல் ஆளுக்கு 28 ஆடு. 26ஆம் அதிகாரக் கணக்குப்படி இஸ்ரவேலில் ஆண்கள் 6,01,730 பேர். ஆளுக்கு அரை ஆட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பேசோரில் நடந்தது இது இல்லை. அங்கே தலைக்குத் தலை சரிபங்கு. பழைய வழக்கத்தை எடுத்து, பெரிய படி ஒன்று முன்னே வைத்தது மாதிரி இருக்கிறது. தாவீதின் பெயர் பொறித்த கல்வெட்டு என்று நமக்குக் கிடைத்த பழையது தெல் தானில் 1993இல் அகப்பட்ட துண்டுதான், அதுவும் "தாவீதின் வீடு" என்று வம்சத்தைத்தான் சொல்கிறது. ஆகவே பேசோர்க் கரையில் யார் என்ன பேசினார்கள் என்பதற்கு 1 சாமுவேலை விட்டால் வேறு சாட்சி இல்லை. ஆனால் இப்படி ஒரு வழக்கை ஒரு ஜனம் ஞாபகம் வைத்திருந்தது, அதைத் தன் பெரிய ராஜாவின் தலையில் ஏற்றியது என்பதே சரித்திரம்தான்.

இதன் பலன் என்ன என்பதை ரோமாபுரியைப் பற்றி எழுதிய பொலிபியஸ் என்ற கிரேக்கர் பிட்டுப் பிட்டு வைக்கிறார். கி.மு. 209இல் ஸ்கிப்பியோ ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் நகரத்தைப் பிடித்ததைச் சொல்லும்போது, ரோமர் கொள்ளை பிரிக்கும் முறையை விளக்குகிறார். படையில் பாதிக்கு மேல் கொள்ளைக்குப் போகக் கூடாது. மீதி ஆட்கள் அணி கலையாமல் காவல் நிற்க வேண்டும். வந்ததெல்லாம் பொதுவில் சேர்ந்து விற்கப்பட்டு எல்லாருக்கும் சமமாகப் போகும். காவலில் நின்றவனுக்கும் உண்டு, கூடாரத்தில் வியாதியாகப் படுத்தவனுக்கும் உண்டு, வேறு வேலையாக அனுப்பப்பட்டவனுக்கும் உண்டு. நம் பங்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் எவனும் தன் இடத்தை விட்டு ஓடுவதில்லை, மற்றப் படைகள் கெடுவது இந்த இடத்தில்தான் என்கிறார். தர்மத்துக்காக இல்லை, காரியம் நடப்பதற்காகவே அது தேவை.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கதை உண்டு. 1817-18 மராத்தா யுத்தத்தில் கிடைத்த பொருள் ஹிஸ்லாப் நடத்திய தக்காணப் படைக்கு மட்டுமா, தூரத்தில் நின்ற ஹேஸ்டிங்ஸின் பெரும்படைக்கும் பங்கு உண்டா என்று கும்பினிப் பட்டாளத்தில் வழக்கு மூண்டு, லண்டன்வரை போய் வருஷக்கணக்கில் இழுத்தது. தாவீது ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டான்.

பிறகு அவன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சிக்லாகு திரும்பியதும் தனக்குக் கிடைத்த கொள்ளையிலிருந்து பெத்தேல், யாத்தீர், ஆரோவேர், எஸ்தெமோவா, ஓர்மா என்று யூதாவின் மூப்பர்களுக்கெல்லாம் பரிசு அனுப்பினான். பட்டியலில் கடைசிப் பெயர் எப்ரோன். அதே எப்ரோனில்தான் கொஞ்ச நாளில் அவனை யூதாவுக்கு ராஜாவாக அபிஷேகம் பண்ணினார்கள். தாராளத்துக்குள் சாமர்த்தியமும் இருந்தது. அதற்காகக் கரையில் கொடுத்த பங்கின் மதிப்பு குறைந்துபோகாது என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயார் செய்துகொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது 2016 நவம்பர். 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 30 வரை எங்கள் பிழைப்பு எப்படி இருந்தது என்று வங்கிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கிளைக்கு வெளியே விடிகாலையிலிருந்தே வரிசை. கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு வசவும் கிடைத்தது, பிறகு பாராட்டும் கிடைத்தது. எல்லாம் முடிந்ததும் நன்றாக வேலை செய்தவர்கள் பெயரை அனுப்பு, சான்றிதழும் சிறு தொகையும் உண்டு என்று மேலிடத்திலிருந்து கடிதம். எங்கள் கிளையில் பட்டியல் போட்டது நான். கவுண்டரில் இருந்த எல்லார் பெயரும் போட்டேன். உள்ளறையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். ஏழு மாதக் கர்ப்பம், கூட்டத்தில் உட்கார முடியாது என்று உள்ளே போட்டிருந்தோம். தினமும் எத்தனை பழைய நோட்டு வந்தது, எத்தனை போனது என்று கடைசி நோட்டு வரை ஒத்துப் பார்த்து அறிக்கை அனுப்பியது அவர்தான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கணவர் வந்து வாசலில் நிற்பார். அவர் பெயரை நான் போடவில்லை. வேண்டுமென்று விடவில்லை, ஞாபகத்துக்கே வரவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அன்று அந்த 400 பேரில் வாயைத் திறந்த துஷ்டர்களாவது யோசித்துப் பேசினார்கள். நான் யோசிக்கவே இல்லை.

இதைக் கூடுகையில் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, அதை இங்கே எழுதிவிடுகிறேன். நம்மில் பல பேர் வீட்டில் இருக்கிற கதைதான். அப்பா தவறி நாலு வருஷம் ஆகிறது. ஊர் வீட்டை என்ன செய்வது என்று நாங்கள் மூன்று பேரும் போன வருஷம் பேசினோம். நானும் தங்கையும் வெளியூர். தம்பி மட்டும் ஊரில், அப்பா அம்மாவோடேயே இருந்துவிட்டான். படித்த படிப்புக்குச் சென்னையிலாவது வேலை கிடைத்திருக்கும், போகவில்லை. அப்பாவின் கடைசி இரண்டு வருஷம் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போய்வந்தது அவன். பணம் அனுப்பியது நான். பேச்சுவாக்கில் நான் ஒரு வார்த்தை விட்டேன்: "இத்தனை வருஷம் வாடகை இல்லாமல்தானே இருந்தான்." தங்கை ஒன்றும் சொல்லவில்லை. தம்பி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். பேச்சு அதோடு நின்றது.

கூடுகை முடிந்த ராத்திரி அவனுக்குப் போன் செய்தேன். வீட்டு விஷயத்தை எடுத்து, அன்றைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அது கெடக்கட்டும்ணே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வாற பன்னெண்டாம் தேதின்னு சொல்லிட்டாங்க. ஒரு வாரம் கூட ஆள் இருக்கணுமாம், எனக்கு லீவு கிடைக்காது. நீங்க வர முடியுமா?"

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் 43.